தொடர்பு அறுந்தாலும் கரை திரும்பும் படகு: கடற்படைகளைப் பார்த்து நாமே ஒன்று செய்வது எப்படி

தானியங்கிப் படகு செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதைத்தான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: தொடர்பு அறுந்துபோனால் உங்கள் படகு என்ன செய்யும்? இதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டு மோட்டார் வாங்கப் போனவர்கள் படகோடு வீடு திரும்பினார்கள். மற்றவர்கள் சேற்றில் இறங்கித் தேடினார்கள். நானும் தேடியிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவது, சுமார் 1.2 மீட்டர் நீளமுள்ள, ஏரியிலோ கண்மாயிலோ தானாக ஓடி ஆழம் அளந்து வரும் ஒரு சின்னப் படகு. இதற்கு எதற்குக் கடற்படை என்று கேட்கலாம். ஆளில்லாப் படகை அதிகக் காலம், அதிக மோசமான நீரில், அதிக எதிர்ப்புக்கு நடுவே ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது பதினைந்து கிலோ படகுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதலில், அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள்

2003இல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் கண்ணிவெடி தேட அமெரிக்கக் கடற்படை ரீமஸ் என்ற நீரடி ரோபோக்களை இறக்கியது. இருவர் தூக்கிவிடக்கூடிய எடை, டார்பிடோ போன்ற உருவம். நீருக்கடியில் ஜிபிஎஸ் வராது, வைஃபை வராது, ரேடியோ அலை உப்பு நீரில் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். ஒலி மட்டும்தான் போகும், அதுவும் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் வேகத்தில், மிகக் குறைந்த தகவலைச் சுமந்துகொண்டு. அதனால் அந்த ரோபோவுக்கு யாரும் வழியில் கட்டளை கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. எங்கே தொடங்க வேண்டும், எந்தெந்தக் கோட்டில் போக வேண்டும், எப்போது மேலே வர வேண்டும், ஏதாவது கெட்டால் எங்கே போய்க் காத்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்றிவிடுகிறார்கள். அது தன்பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு வருகிறது. தொடர்பு இல்லாமல் இருப்பதுதான் அதற்கு வழக்கமான நிலை.

நீர்ப்பரப்பிலும் கதை பெரிதாக மாறவில்லை. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் 5ஆம் கடற்படைப் பிரிவு பஹ்ரைனில் டாஸ்க் ஃபோர்ஸ் 59 என்ற அணியைத் தொடங்கி, செயில்ட்ரோன் போன்ற ஆளில்லாப் படகுகளை வளைகுடாவில் மிதக்கவிட்டது. காற்றில் ஓடி, சூரிய ஒளியில் கருவிகளை இயக்கி, கடலில் மாதக் கணக்கில் நிற்கும் படகுகள் அவை. அவற்றின் கேமரா பார்ப்பதையெல்லாம் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தால் கட்டணமும் தாங்காது, பார்க்க ஆளும் போதாது. ஆகவே வழக்கமாகப் போகிற வருகிற கப்பல்களைப் படகிலேயே கழித்துவிட்டு, வித்தியாசமாகத் தெரிவதை மட்டும் கரைக்குச் சொல்லும்படி மென்பொருளை அமைத்தார்கள். சென்சாரை இணைப்பது எளிது, எதை அனுப்பக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் கடினம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் படகிலும் இதே வேலை வரும்.

அதே படகுகளுக்கு 2022 ஆகஸ்ட் இறுதியில் ஒன்று நடந்தது. ஈரான் புரட்சிகரக் காவற்படையின் கப்பல் ஒன்று ஒரு செயில்ட்ரோனைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லத் தொடங்கியது. அமெரிக்கக் கப்பலும் ஹெலிகாப்டரும் வந்தபிறகு விட்டுவிட்டார்கள். சில நாட்களில் ஈரான் கடற்படை செங்கடலில் இன்னும் இரண்டைத் தூக்கிக் கப்பலில் ஏற்றி, மறுநாள் திருப்பித் தந்தது. ஆளில்லாப் படகை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் அதனுள் என்ன இருக்கும் என்பதையும் வடிவமைக்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

நம் பக்கத்திலும் இது தொலைவான விஷயம் இல்லை. ராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து தளத்தில் 2012 முதல் ஆளில்லா விமானப் பிரிவு இயங்குகிறது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து 2020 முதல் குத்தகைக்கு எடுத்த சீகார்டியன் ட்ரோன்கள் வங்கக் கடல் மீது பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகிக் கடலில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மாதங்கி என்ற தானியங்கிப் படகு, மும்பையிலிருந்து தூத்துக்குடி வரை சுமார் 1500 கிலோமீட்டர் என்ற திட்டத்தோடு கொடியசைத்து அனுப்பப்பட்டது. தூத்துக்குடிக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வேலைக்கு வருவோம்.

உடல்

ஒற்றை உடல் படகு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அளவை வேலைக்கு இரட்டை உடல்தான் நல்லது. சாயாது, நடுவில் சென்சார் மாட்ட இடம் கிடைக்கும். 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர், இரு முனையிலும் மூடி போட்டு சால்வென்ட் பசையால் ஒட்டுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குழாயின் கொள்ளளவு சுமார் 24 லிட்டர், இரண்டும் சேர்ந்து 48. முழுதாக அமிழ்ந்தால் 48 கிலோ தாங்கும், பாதி அமிழ்ந்த நிலையில் 24 கிலோ. மொத்த எடையை 15 கிலோவுக்குள் வைத்தீர்கள் என்றால் அலை அடித்தாலும் கவலையில்லை. குழாய்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அலுமினியச் சட்டத்தால் இணைத்து, மேலே நீர்புகாப் பெட்டியை வையுங்கள். குழாய்க்குள் உடைத்த தெர்மோகோல் துண்டுகளை அடைத்துவிட்டால் ஒட்டு விட்டுப்போனாலும் படகு மூழ்காது. பத்து நிமிட வேலை, சோம்பல்படாமல் செய்துவிடுங்கள்.

தண்ணீர் உள்ளே போவதை வெறும் சிலிக்கான் பூசித் தடுக்க முடியாது. வயர் நுழையும் இடங்களில் திருகி இறுக்கும் கேபிள் கிளாண்ட் போடுங்கள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வெயிலில் சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்றே வியர்த்துச் சொட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். பெட்டியின் அடியில் ஈரம் பட்டால் சொல்லும் சின்ன சென்சார் ஒன்றும் வையுங்கள், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

உடல் பற்றிய பேச்சில் மேஃப்ளவர் என்ற தானியங்கிக் கப்பலைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது கடற்படைக் கப்பல் இல்லை, ஆராய்ச்சிக்காகச் செய்தது. அட்லாண்டிக்கைத் தானாகக் கடக்க 2021இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி மூன்று நாட்களில் திரும்ப வேண்டியதாயிற்று. காரணம் செயற்கை நுண்ணறிவு இல்லை, எஞ்சின் பக்கம் ஏற்பட்ட ஒரு சாதாரண இயந்திரக் கோளாறு. அடுத்த ஆண்டும் வழியில் கோளாறு வந்து அசோர்ஸ் தீவுக்கு ஒதுங்கி, கடைசியில் 2022 ஜூன் 5 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைச் சேர்ந்தது. கப்பலில் ஒரு மெக்கானிக் இருந்திருந்தால் இடுக்கியும் கம்பியும் கொண்டு சரிசெய்திருக்கக்கூடியவை. ஆள் இல்லாத படகில் ஒவ்வொரு நட்டும் அந்த மெக்கானிக்கின் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறது. நட்டுக்கெல்லாம் லாக் வாஷரோ நைலான் பூட்டோ போடுங்கள்.

மோட்டார், பேட்டரி

சுக்கான் வேண்டாம். இரண்டு நீரடி மோட்டார்களை ஆளுக்கொரு குழாயின் பின்னால் மாட்டி, இடதை வேகமாகவும் வலதை மெதுவாகவும் ஓட்டித் திருப்பினால் போதும், அசையும் பாகம் குறையும். ஸ்பீடு கன்ட்ரோலர் வாங்கும்போது முன்னும் பின்னும் சுழற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், பறக்கும் ட்ரோன்களுக்கான கன்ட்ரோலர்கள் பல ஒரே திசையில்தான் சுழற்றும். புரொப்பெல்லருக்கு வலைக்கூண்டு அவசியம். நம் ஏரிகளில் ஆகாயத்தாமரைத் தண்டும் கைவிட்ட வலைத்துண்டும் இல்லாத இடம் எது?

பேட்டரிக்கு 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்லது. 256 வாட்-மணி கிடைக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மோட்டார்கள் சேர்ந்து 100 வாட், மற்ற கருவிகள் 10 வாட் என்று தாராளமாக வைத்து, பேட்டரியில் 70 சதவீதத்தை மட்டும் பயன்படுத்தினால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். அதற்குள் ஐந்தரைக் கிலோமீட்டர் போகலாம். பத்து மீட்டர் இடைவெளியில் கோடு போட்டால், திருப்பங்களைக் கழித்து, ஒரே ஓட்டத்தில் நாலரை முதல் ஐந்து ஹெக்டேர் வரை அளந்துவிடலாம்.

இந்த வகை பேட்டரியின் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்துவிட்டு முடிவில் சட்டென்று விழும். வோல்டேஜை நம்பி எச்சரிக்கை வைத்தால், எச்சரிக்கை வரும்போது படகு நடு ஏரியில் இருக்கும். எவ்வளவு மில்லி ஆம்பியர்-மணி செலவானது என்று எண்ணும் பவர் மாட்யூலைப் போட்டு, மீதம் 6000 ஆனதும் திரும்பி வரும்படி வையுங்கள். போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று என்று அமைந்துவிட்டால் அந்த 30 சதவீதம் மிச்சம்தான் படகைக் கரை சேர்க்கும்.

மூளை

பிக்ஸ்ஹாக் வகைத் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றில் ஆர்டுபைலட் மென்பொருளின் ரோவர் பதிப்பை ஏற்றுங்கள். இலவசம், திறந்த மூலம், படகுக்கென்றே அமைப்புகள் உண்டு. ஃப்ரேம் கிளாஸ் என்பதை 2 என்று வைத்தால் இது படகு என்று அதற்குத் தெரியும். இடது மோட்டாருக்கான வெளியீட்டின் வேலை எண் 73, வலதுக்கு 74. கரையில் மடிக்கணினியில், படகுக்கு வழி வகுத்துக் கொடுக்கும் மிஷன் பிளானர் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது திசைகாட்டியில். மோட்டாருக்குப் போகும் வயரில் ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்கி காம்பஸைத் திருப்பிவிடும். விளைவு, கரையில் சரியாகக் காட்டிய படகு வேகமெடுத்ததும் வட்டமடிக்கும். ஜிபிஎஸ்-காம்பஸ் கருவியை ஒரு பிவிசி கம்பத்தின் உச்சியில், பேட்டரியிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் மேலே வையுங்கள். மோட்டாருக்குப் போகும் நேர், எதிர் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். எல்லாம் பூட்டி முடித்தபிறகே காம்பஸை அளவு திருத்துங்கள், இரும்புக் கதவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள்.

ஜிபிஎஸ் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே போன குறைந்தது இருபது கப்பல்கள், தாங்கள் கடலிலிருந்து தள்ளி ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின, யாரோ பொய் ஜிபிஎஸ் சமிக்ஞை அனுப்பியதால். 2021 ஜூனில் பிரிட்டனின் எச்எம்எஸ் டிஃபெண்டர், ஒடெசா துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்போதே, கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் தடத்தில் செவஸ்தபோல் நோக்கிப் போவதாகத் தெரிந்தது. துறைமுகக் கேமராவைப் பார்த்தவர்கள் கப்பல் அங்கேயே நிற்பதைக் கண்டார்கள். உங்கள் ஏரியில் யாரும் பொய் சமிக்ஞை அனுப்பப் போவதில்லை. ஆனால் மரநிழலும் பாலமும் அதே மாதிரிக் குழப்பத்தைச் செய்யும். ஜிபிஎஸ், காம்பஸ், முடுக்கமானி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்று முரண்பட்டால் மென்பொருள் எச்சரிக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று அந்தச் சோதனையை அணைத்துவிடாதீர்கள்.

தொடர்பு அறுந்தால்

இந்தப் பகுதியைத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

என் முதல் படகில் ரிமோட் தொடர்பு போனால் ஹோல்டு நிலைக்குப் போகும்படி வைத்திருந்தேன். நிற்பதுதானே பாதுகாப்பு என்று நினைத்தேன். தரையில் ஓடும் வண்டிக்கு அது சரி. நீரில் மோட்டார் நின்றால் படகு நிற்பதில்லை, காற்று போகிற பக்கம் போகிறது. ஆடி மாதக் காற்று. இருநூறு மீட்டர் தள்ளிக் கோரைப்புல்லுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம் தெப்பத்தில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் அதை மீட்டுத் தந்தார். "காத்து எந்தப் பக்கம்னு பாக்காம தண்ணியில எதையும் விடாதப்பா" என்றார். அன்றிலிருந்து எந்த ஏரிக்குப் போனாலும் காற்று அடித்துச் செல்லும் கரையில் யார் நிற்பது என்று முதலில் பேசிவிடுகிறோம்.

ரோவர் பதிப்பில் தொடர்பு அறுந்தால் செய்ய வேண்டியதாகப் பல தேர்வுகள் உண்டு. நான் பரிந்துரைப்பது ஸ்மார்ட் ஆர்டிஎல்: படகு தான் வந்த வழியை நினைவில் வைத்து, அதே தடத்தில் திரும்பி வரும். போன வழியில் தடை இருந்திருந்தால் போயே இருக்காது, அதனால் திரும்புவதற்கும் அது பத்திரமான பாதை. ஆனால் நினைவில் வைக்கக்கூடிய புள்ளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. நீண்ட ஓட்டத்தில் அது நிரம்பிவிட்டால் இந்த வசதி கைவிட்டுவிடும், அடுத்தபடியாகப் படகு நேர்கோட்டில் கிளம்பிய இடத்துக்கு வரும். அந்த நேர்கோட்டில் ஒரு திட்டோ மதகோ இருந்தால் முட்டும். ஆகவே கிளம்பும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, ஏரியின் எந்த மூலையிலிருந்தும் நேராக வந்தால் தடையில்லாத இடமாகப் பாருங்கள். அப்படி இடம் கிடைக்கவில்லை என்றால் நடுவழியில் ராலி பாயின்ட் குறித்துவிடலாம், ரீமஸ் விஷயத்தில் சொன்னேனே, போய்க் காத்திருக்கும் இடம், அதே யோசனைதான்.

ஜிபிஎஸ் போய்விட்டால் திரும்பி வரவும் வழியில்லை. அப்போது மட்டும் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள், கரையில் இருப்பவர் ரிமோட்டை எடுத்துக் கண்ணால் பார்த்து ஓட்டி வரட்டும். ரிமோட்டும் ஜிபிஎஸ்ஸும் ஒரே நேரத்தில் போனால்? படகு மிதந்து காற்றின் பக்கம் வரும், அங்கே ஆள் நிற்கிறார். இதற்கு மேல் மென்பொருளால் தீர்வு இல்லை, பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கொடி ஒன்றைக் கம்பத்தில் கட்டி வையுங்கள். பெட்டி மேல் தொலைபேசி எண்ணும் "ஆழம் அளக்கும் கருவி, ஆபத்தில்லை" என்ற வரியும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இந்த வரி இல்லாமல் ஒதுங்கிய பெட்டியைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் பயப்படுவது நியாயம்தான்.

ஜியோஃபென்ஸ் என்ற வேலியையும் போடுங்கள். ஏரியின் கரையோரம் பத்து மீட்டர் உள்ளே தள்ளி ஒரு கோடு, மதகையும் கலிங்கலையும் சுற்றித் தனிக் கோடு. தண்ணீர் மறுகால் பாயும் நாட்களில் படகையே இறக்காதீர்கள்.

ரேடியோவும் பூட்டும்

மடிக்கணினியோடு படகை இணைக்க இணையத்தில் விற்கும் டெலிமெட்ரி ரேடியோக்களில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது அமெரிக்காவுக்கானது. இந்தியாவில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் இன்றி விடப்பட்டிருப்பது 865 முதல் 868 வரை. பார்த்து வாங்குங்கள்.

நீர்ப்பரப்பை ஒட்டி ரேடியோ அலை போகும்போது நீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தரையில் ஒரு கிலோமீட்டர் போன ரேடியோ ஏரியில் முந்நூறு மீட்டரில் திணறும். ரேடியோவை மாற்ற வேண்டாம், கரையில் உள்ள ஆன்டெனாவை ஒரு மூங்கிலில் கட்டி மூன்று மீட்டர் உயர்த்துங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

புதிதாக வாங்கிய இந்த ரேடியோக்கள் பெரும்பாலும் நெட் ஐடி 25 என்ற ஒரே அடையாள எண்ணோடு வரும். அதே கல்லூரியில் பக்கத்து அணி அதே ரேடியோவை இயக்கினால் உங்கள் படகுக்கு அவர்கள் கட்டளை போகலாம். முதல் நாளே எண்ணை மாற்றுங்கள். படகும் கரையும் பேசிக்கொள்ளும் மேவ்லிங்க் மொழியின் இரண்டாம் பதிப்பில் கையொப்ப வசதி இருக்கிறது, ரகசியச் சாவி தெரியாத கருவியின் கட்டளையைப் படகு ஏற்காது. வைஃபை வைத்திருந்தால் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லைத் தூக்கி எறியுங்கள். அப்புறம், செயில்ட்ரோனைக் கயிறு கட்டி இழுத்த கதையை நினைத்துக்கொண்டு, படகுக்குள் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருந்தால் அதில் உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல், வீட்டு வைஃபை சாவி எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம் அளக்கும் சென்சார், அனுப்ப வேண்டியது

கடைகளில் நீர்புகாத அல்ட்ராசானிக் சென்சார் என்று மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அதன் உடம்பில் நீர் புகாது, அவ்வளவுதான், அது காற்றில் தூரம் அளக்கச் செய்தது, நீருக்கடியில் ஆழம் சொல்லாது. மீன்பிடிப் படகுகளில் இருக்கும் வகையைச் சேர்ந்த, நீருக்குள் ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர்தான் தேவை. இந்தப் படகிலேயே விலை கூடிய பாகம் இதுவாக இருக்கலாம், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு குழாய்களுக்கும் நடுவில், முன்பக்கமாக, புரொப்பெல்லர் கிளப்பும் குமிழ் வராத இடத்தில், நீர்மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி மாட்டுங்கள். அந்த 10 சென்டிமீட்டரை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் வேண்டும்.

எல்லா அளவையும் மெமரி கார்டில் எழுதுங்கள், கரைக்கு எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். பத்து நொடிக்கு ஒருமுறை இருப்பிடம், பேட்டரி, ஆழம் போதும். இடையில் ஆழம் அரை மீட்டரைவிடக் குறைந்தாலோ, பெட்டிக்குள் ஈரம் பட்டாலோ, ஒரு மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுத்தாலோ அப்போதே அனுப்ப வேண்டும். மோட்டார் அதிகம் இழுத்தால் களை சுற்றிக்கொண்டது என்று பொருள். நான் அதற்கு இரண்டு நொடி பின்னோக்கிச் சுழற்றிவிட்டு மறுபடி ஓடும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தண்டு கழன்றுவிடும். பெரிய கப்பல்களில் எஞ்சினின் அதிர்வையும் வெப்பத்தையும் சென்சார்கள் கவனித்து, பழுது வருமுன் சொல்வதும் இதே வழியில்தான்.

நீரில் இறக்குமுன்

முதலில் வீட்டுத் தொட்டியில் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறகு ஏரியில், ஐம்பது மீட்டர் நைலான் கயிறு கட்டி ஓட்டுங்கள், கயிறு புரொப்பெல்லர் பக்கம் போகாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கயிறு இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். ரிமோட்டை அணையுங்கள், திரும்புகிறதா? மடிக்கணினியை மூடுங்கள். ஜிபிஎஸ் மீது உலோகத் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். பேட்டரி எச்சரிக்கை அளவை வேண்டுமென்றே உயர்த்தி வைத்துப் பாருங்கள். ஒரு மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு மற்றொன்றோடு என்ன ஆகிறது என்று பாருங்கள். எந்தச் சோதனையில் படகு நீங்கள் நினைத்ததைச் செய்யவில்லையோ, அன்று கயிற்றை அவிழ்க்காதீர்கள். நானும் நண்பர்களும் மூன்று வாரம் கயிற்றோடுதான் ஓட்டினோம்.

அமெரிக்கக் கடற்படையின் சீ ஹன்டர் என்ற 40 மீட்டர் ஆளில்லாக் கப்பலும் 2016இல் நீரில் இறங்கி, 2018இல்தான் சான் டியாகோவிலிருந்து ஹவாய் போய்த் திரும்பியது. அப்போதும் வழியில் பக்கத்துக் கப்பலிலிருந்து ஆட்கள் கொஞ்ச நேரம் ஏறிச் சிலவற்றைச் சரிபார்த்தார்கள். அவ்வளவு பணம் இருந்தும் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள், நமக்கு என்ன அவசரம்?

அனுமதி விஷயம். ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று விசாரித்து எழுத்தில் கேளுங்கள். மீன் குத்தகை எடுத்தவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், வலை எங்கே விரித்திருக்கிறது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல யாருமில்லை. இந்தப் படகைக் கடலில் இறக்காதீர்கள். துறைமுகம், கடற்படைத் தளம் பக்கம் எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். கடலில் ஓடும் கலத்துக்கு 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் இருக்கின்றன. எதிரெதிரே வந்தால் இருவரும் வலது பக்கம் திரும்ப வேண்டும், குறுக்கே வந்தால் யார் வழிவிட வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அவற்றை மென்பொருளுக்குப் புரியவைக்கக் கடற்படைகளே இன்னும் பாடுபடுகின்றன. ஏரியில் நமக்கு விதி ஒன்றுதான்: தெப்பம், பரிசல், குளிப்பவர், நீந்தும் மாடு, எது வந்தாலும் நம் படகு விலக வேண்டும், விலக்குவதற்கு ரிமோட்டைக் கையில் பிடித்த ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும். நீரருகே போகிற எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்.

அளக்கும் நாள்

காலை ஆறு மணிக்குப் போங்கள், காற்று எழுவதற்கு முன். மிஷன் பிளானரில் ஏரியைச் சுற்றிப் பலகோணம் வரைந்து, பத்து மீட்டர் இடைவெளியில் கோடுகள் போடச் சொன்னால் அதுவே போட்டுத் தரும். உழவுச் சால் மாதிரி ஒரு முனை போய், திரும்பி, அடுத்த சாலில் வரும். கண்ணிவெடி தேடும் ரோபோக்களும் கடலடியை இப்படித்தான் உழுகின்றன, அவற்றின் சால்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும், ஒரு கையளவு இடமும் தப்பக் கூடாது என்பதற்காக. கோடுகளைக் காற்றின் திசையிலேயே போடுங்கள், பக்கவாட்டில் காற்று அடித்தால் படகு நண்டு மாதிரி போகும், பேட்டரி வீணாகும். எல்லாம் முடிந்தபிறகு சால்களுக்குக் குறுக்காக இரண்டு மூன்று கோடு கூடுதலாக ஓட்டுங்கள். குறுக்குக் கோடு வெட்டும் இடங்களில் இரண்டு அளவும் ஒத்துப்போனால் தரவை நம்பலாம்.

வீட்டுக்கு வந்து மெமரி கார்டில் இருக்கும் கோப்பைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, புள்ளிகளுக்கு நடுவே நிரப்பி, சம ஆழக் கோடுகள் வரையலாம். வரைவதற்கு முன் மறக்காமல் அந்த 10 சென்டிமீட்டரை எல்லா அளவோடும் கூட்டுங்கள். ஏரியில் தண்ணீர் ஏறி இறங்கும் என்பதால், அன்றைய நீர்மட்டம் மதகுச் சுவரில் எந்தக் குறியில் இருந்தது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அளந்து எவ்வளவு வண்டல் படிந்தது என்று ஒப்பிட முடியாது.

கடைசியாக ஒரு தெப்பம் ஏற்பாடு செய்துகொண்டு, அடையாளம் போட்ட கயிற்றில் தட்டையான கல்லைக் கட்டி ஏழெட்டு இடத்தில் கையால் ஆழம் பாருங்கள். படகு சொன்னதும் கயிறு சொன்னதும் பத்து சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் வரைபடத்தை ஊராட்சியிடம் கொடுக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் சென்சார் பொருத்திய ஆழத்தைத் தப்பாகக் கூட்டியிருக்கிறீர்கள். சில இடத்தில் மட்டும் படகு குறைவாகச் சொன்னால் அங்கே அடியில் பாசி அடர்ந்திருக்கும், ஒலி அதன் தலையிலேயே பட்டுத் திரும்பியிருக்கும். அந்த இடங்களை வரைபடத்தில் தனி நிறத்தில் குறித்துக் கொடுங்கள்.